அமெரிக்கன் பான்கேக்கும் எங்கள் வீட்டு இட்லியும்

கோபன்ஹேகனுக்கு வந்த புதிதில் சூப்பர் மார்க்கெட்டில் 'அமெரிக்கன் பான்கேக்' என்று ஒரு பாக்கெட் பார்த்தேன். உள்ளங்கை அகலம், ஊத்தப்பம் மாதிரி தடிமன். டேனிஷ்காரர்கள் வீட்டில் சுடும் பான்கேக் நம்ம தோசை போல மெல்லிசு. அதனால்தான் தடியானதுக்கு ஒரு அடைமொழி. அமெரிக்காவில் அது வெறும் பான்கேக்தான்!

நம்ம ஊரும் சளைத்ததில்லை. சென்னை சைனீஸ் ஹோட்டல்களில் 'அமெரிக்கன் சாப்சுயி' சாப்பிட்டிருப்பீர்கள். பொரித்த நூடுல்ஸ், தக்காளி கெச்சப் கலந்த இனிப்பும் புளிப்புமான சாஸ், மேலே ஒரு முட்டை. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பக்கம் அதே பெயரில் கேட்டால், மக்ரோனியும் மாட்டுக்கறியும் தக்காளியும் போட்ட வேறு ஏதோ வரும்.

டேனிஷ்காரர்களும் இதில் தப்பவில்லை. அமெரிக்காவில் 'டேனிஷ்' என்று விற்கும் அடுக்கு பேஸ்ட்ரிக்கு இங்கே பெயர் 'வீனர்ப்ரோ', அதாவது வியன்னா ரொட்டி. 1850இல் இங்கே பேக்கரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஆட்கள் கொண்டுவந்த பக்குவம் என்பார்கள். வியன்னாவிலோ அதற்குப் பெயர் 'கோபன்ஹேகனர்'!

இதையெல்லாம் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பேன். போன மாதம் சிரிப்பு வரவில்லை.

மகள் பள்ளியில் ஆளுக்கொரு வீட்டுச் சாப்பாடு கொண்டுவரச் சொன்னார்கள். இட்லியும் பொடியும் கொடுத்தனுப்பினோம். ஒரு பையன் கேட்டிருக்கிறான்: "இந்தியச் சாப்பாடுன்னா மஞ்சள் கறி இருக்குமே, அது எங்கே?" அவன் சொன்னது 'பொல்லர் இ கறி'. காரமே இல்லாத மஞ்சள் சாஸில் பன்றி இறைச்சி உருண்டைகள், கூடவே சோறு. டேனிஷ் வீடுகளில் காலங்காலமாகச் செய்வது. அந்தக் 'கறி' என்னவோ நம்ம சொல்தான்.

ராத்திரி மகள் கேட்டாள்: "அப்பா, நம்மளுது நிஜ இந்தியச் சாப்பாடு இல்லையா?"

ஃபிரிட்ஜிலிருந்து பான்கேக் பாக்கெட்டை எடுத்துக் காட்டினேன். "இந்தப் பேரை அமெரிக்காக்காரங்க வைக்கலம்மா. இங்க இருக்கறவங்க அடையாளத்துக்கு வச்சது. அந்தப் பையனுக்கு அவங்க வீட்டுக் கறிதான் இந்தியா. அவன் மேல தப்பில்ல. உன் இட்லியிலயும் தப்பில்ல."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ டப்பா மேல இட்லின்னு மட்டும் எழுதியிருக்கலாமே?"

எழுதியிருக்கலாம். 'இந்திய உணவு' என்று எழுதி ஒட்டியது நான்தான்.