தேரிக்குள் இறங்கும் முன்

வைகாசி விசாகம் நெருங்கினால் ராதாபுரம், திசையன்விளைப் பக்கமிருந்து திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை கிளம்பிவிடுகிறார்கள். ராதாபுரத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் நடை. விரதமும் மாலையும் ஒழுங்காக இருக்கும். தண்ணீருக்குத்தான் ஏற்பாடு இருக்காது. போதாக்குறைக்கு, படம் எடுக்கவென்று குதிரைமொழித் தேரிக்குள் இறங்கும் இளவட்டங்கள் வேறு.

தேரி என்கிற மணல்மேடு விளையாட்டுத் திடலல்ல. செம்மணல் காற்றில் நகரும், கால்தடம் நிற்காது, மணல்மேட்டுக்குள் ஆம்புலன்ஸ் வராது. குதிரைமொழித் தேரி காப்புக்காடும்கூட. அனுமதியின்றி நுழைவது 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். குரங்கணியில் மலையேறப் போன 23 பேர் 2018 மார்ச் 11 அன்று மூண்ட காட்டுத்தீயில் சிக்கி மாண்டது அதற்குள் மறந்துவிட்டதா? தூத்துக்குடி மாவட்ட வன அலுவலருக்கு எழுதி அனுமதி கேளுங்கள். பெயர், வயது, கைபேசி எண், நுழையும் இடம், வெளியேறும் இடம், நேரம் எல்லாம் மனுவில் இருக்கட்டும். ஒரு நகலை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். வாட்சர் தெரிந்தவர் என்பது அனுமதி ஆகாது.

சாலையில் போனாலும் பகல் 11 மணி முதல் 3.30 வரை நடக்காதீர்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்; ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர். ஒருவர் பேச்சுக் குழறினால், உடல் கொதித்தால், 'சாமி வந்திருக்கு' என்று விடாதீர்கள். நிழலில் கிடத்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108ஐ அழையுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: உச்சி வெயிலில் நடக்காதீர்கள்.

இனி, பலரும் கோட்டைவிடுவது. வெப்ப அலையைத் தமிழக அரசு 2024 அக்டோபரில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் சாவுக்குக் காரணம் வெப்பம்தான் என்று சான்று வேண்டும். 'உடம்பை அறுக்க வேண்டாம்' என்று நேரே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டால் அந்தச் சான்றுக்கு வழியில்லை. அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தக நகல்களோடு தாசில்தாரிடம் மனு கொடுங்கள். அரசாணை இருந்தும் 'நாளைக்கு வா' என்று அங்கே அலைக்கழித்தால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போங்கள். மனு எண்ணோடு ரசீது கையில் வராமல் அங்கிருந்து நகராதீர்கள்.