சீலைப்பேனும் ஒரு துவாயும்

துணிக்கும் நோய்க்கும் உள்ள உறவைப் பற்றி எழுத எனக்குப் பெரிய தகுதி ஒன்றும் இல்லை. நான் வைத்தியனல்லன், பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிப்பவன். ஆயினும், எங்கள் வீட்டில் நேர்ந்த ஒரு சிறு காரியம் என்னை இந்த விடயத்தினுள் இழுத்துவிட்டது.

என் தங்கையின் மகன் எங்களோடு தங்கிப் படிக்கிறான். ஒருநாள் அவன் விரலிடுக்கைச் சொறிவதைக் கண்டேன். பத்து நாள் கழியுமுன் என் மகளும் சொறிந்தாள், பிறகு நானும். இவன்தான் கொண்டுவந்தான் என்று என் மனம் தீர்ப்பெழுதிவிட்டது. வாய்திறந்து சொன்னேனல்லன். ஆனால் அவனுக்குத் தனிப் பாயும், வேலியோரத்தில் தனிக் கொடியும் ஏற்பட்டன. பையன் ஏனென்று கேட்கவில்லை. சொறிந்தவர்கள் மட்டும் மருந்து பூசினோம், மாறியது, மீண்டும் வந்தது.

மூன்றாம் முறை சென்றபோது வைத்தியர் கேட்டார்: "மாஸ்ரர், வீட்டில் எத்தனை துவாய்?" நான் விழித்தேன். கிணற்றடியில் எப்போதும் ஒரு துவாய் தொங்கும். அதில் முகந்துடைக்காதவர் எங்கள் வீட்டில் இல்லை. சொறியை உண்டாக்கும் சிற்றுயிர் பெரும்பாலும் மேனியோடு மேனி நெடுநேரம் படுவதாலேயே பரவுகிறது. எனினும் படுக்கை விரிப்பிலும் துவாயிலும் இரண்டு மூன்று நாள் அது உயிர்தரிக்க வல்லது என்றார். முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தோன்றவே சில கிழமைகள் செல்லுமாம். ஆகவே முதலிற் சொறிந்தவனே முதலிற் கொண்டுவந்தவன் என்ற என் கணக்குப் பிழைத்தது.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. புத்தகமொன்றைப் புரட்டியபோது சார்ள்ஸ் நிக்கொல் எதிர்ப்பட்டார். பிரெஞ்சு வைத்தியரான இவர் 1903ஆம் ஆண்டு தூனிஸ் நகரிலிருந்த பாஸ்தர் நிலையத்தின் தலைவரானார். டைபஸ் என்னும் கொடுங்காய்ச்சல் அங்கே அடிக்கடி பரவியது. (நாம் நெருப்புக் காய்ச்சல் என்னும் டைபொயிட்டு வேறு, பெயரொற்றுமையால் மயங்குவோர் உளர்.) நோயாளர் ஆஸ்பத்திரி வாசலிலேயே சுருண்டு கிடப்பதுண்டு. அவர்களுடைய உடுப்பைக் கழற்றி வாங்கியவருக்கு நோய் பிடித்தது. அந்த உடுப்பை வெளுத்தவருக்கும் பிடித்தது. ஆனால் குளிப்பாட்டி, ஆஸ்பத்திரி ஆடை உடுத்தி உள்ளே கிடத்தியபின், அடுத்த கட்டிலிற் கிடந்தவரைக்கூட அது தீண்டவில்லை. வாசற்படிக்கு அப்பாலே நின்றுவிட்டது எது? கழற்றிய துணி, துணியின் தையலிற் குடியிருந்த பேன்! 1909இல் குரங்குகளிற் பரிசோதித்து நிக்கொல் இதனை நிலைநாட்டினார். 1928இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

கிருமி பேனின் மலத்தில் இருக்கிறது. கடித்த இடத்தை நாம் சொறியும்போது உள்ளே புகுகிறது. அதற்கு ரிக்கெற்சியா புரோவசெக்கி என்று பெயர். டைபஸ் ஆராய்ச்சியில் ஈடுபட்டு அந்நோயாலேயே 1910இல் மாண்ட ரிக்கெற்ஸ், 1915இல் மாண்ட புரோவசெக் ஆகிய இருவரும் அப்பெயரில் வாழ்கின்றனர்.

தலைப்பேன் வேறு, உடுப்பிற் குடியிருந்து, பசித்தபோது மேனிக்கு வந்து குருதி குடிக்கும் பேன் வேறு. பின்னதற்குத் தமிழர் இட்ட பெயர் சீலைப்பேன். அதன் வீடு மேனியன்று, சீலையே என்பதைக் கண்ணாற் கண்டு இட்ட பெயர். தமிழாசிரியனுக்கு இதில் ஒரு பெருமை. சொல்லை அறிந்தும் துவாயைக் கவனியாத வெட்கமும் உடன்பிறந்தது.

வெள்ளாவியையும் நினைத்தேன். உவர்மண் கரைத்த நீரில் தோய்த்த துணிகளை அடுக்கி, கொதிநீரின் ஆவியில் அவித்த தொழிலாளிக்குக் கிருமி நூல் தெரியாது. ஆனால் அந்த ஆவியின் வெப்பம் ஏறக்குறைய 100 பாகை. சொறிக்கு 60 பாகை வெந்நீரே போதுமென்கிறார்கள். தண்ணீரில் அலசி, வாசனைச் சவர்க்காரம் போட்டு நிழலிற் காயவிடும் நமது சலவையில் அழுக்குப் போகும். மற்றது போகுமென்று நம்புவதற்கில்லை.

மறுநாள் வீட்டிலுள்ள அனைவரும், சொறியாத அம்மாவும் உட்பட, ஒரே வேளையில் மருந்து பூசினோம். நெல் அவிக்கும் கிடாரத்தில் விரிப்புகளும் உடுப்புகளும் கொதித்தன. அவிக்க முடியாத தலையணைகளைப் பையிற் கட்டி ஒரு கிழமை மூலையில் வைத்தோம். ஆளுக்கொரு துவாய் வாங்கினேன்.

சொறி போய்விட்டது. ஆயினும் பையன் தன் துவாயை வேலியோரத்துக் கொடியிலேயே காயவிட்டு வந்தான். ஒரு மாலை அந்தக் கொடியை அவிழ்த்தேன். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். "மாமா, அது என்னுடையது" என்றான். "தெரியும் தம்பி" என்று சொல்லி, துவாயைக் கொண்டுபோய் எங்கள் கொடியில், என்னுடையதற்கு அருகே விரித்தேன்.