மலையில் பலர், கணக்கில் சிலர்

ஏற்காட்டைக் கடந்து காப்பித் தோட்டங்களினூடே சென்றால் நாகலூர் வரும். இவ்வூரையும் சேர்வராயன் மலையின் பிற சிற்றூர்களையும் நெடுங்காலமாக வாழிடமாகக் கொண்டோர் மலையாளிகள். பெயரைக் கேட்டதும் கேரளத்தை நினைத்தல் பிழை. ‘மலையை ஆள்பவர்’ என்பதே இங்குப் பொருள்; இவர்தம் தாய்மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. கொல்லி, பச்சை, கல்வராயன், சவ்வாது ஆகிய மலைகளிலும் இவர்கள் வாழ்கின்றனர்.

ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தலையையும் மூக்கையும் அளந்து மக்களை இனங்களாக வகுக்க முயன்றார். சேர்வராயன் மலைமக்களும் அவருடைய அளவுகோலுக்குத் தப்பவில்லை. அம்முறையை அறிவியல் பின்னர்க் கைவிட்டது. இன்றைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஒருவர் அரசின் பழங்குடியினர் பட்டியலில் உள்ளவரா என்றே கேட்கிறது.

2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்திய மக்களுள் பழங்குடியினர் 8.6 விழுக்காட்டினர். கர்நாடகத்திலும் அன்றைய ஒருங்கிணைந்த ஆந்திரத்திலும் ஏறத்தாழ 7 விழுக்காடு, கேரளத்தில் 1.5, தமிழ்நாட்டிலோ 1.1 மட்டுமே. தென்னிந்தியப் பெருமாநிலங்களுள் இதுவே மிகக் குறைவு. ஆயினும் வட்டத்தைச் சுருக்கினால் காட்சி மாறுகிறது. சேலம் மாவட்டத்தில் இவ்வளவு 3.4 விழுக்காடாகிறது, ஏற்காட்டு மலையிலோ பழங்குடியினரே பெரும்பான்மையினர். மாநிலத்தின் 234 சட்டமன்றத் தொகுதிகளுள் பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்டவை ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டே. தமிழகப் பழங்குடியினர் ஏறத்தாழ 7.95 இலட்சம் பேர். அவர்களுள் மலையாளிகள் மட்டும் மூன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டவர்.

இந்த எண்ணிக்கையும் முழுமையானதன்று. பட்டியலில் ‘மலையாளி’ என்னும் பெயரோடு தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி என்னும் மாவட்டங்களும் குறிக்கப்பட்டுள்ளன. சேலத்திலிருந்து பின்னர்ப் பிரிந்த நாமக்கல்லில் அடங்கும் கொல்லிமலை மக்களுக்கு இதனால் இடரில்லை. ஈரோடு மாவட்டமோ 1979இல் கோயம்புத்தூரிலிருந்து பிரிந்தது. கோயம்புத்தூர் அவ்வரிசையில் இல்லை. அதனால் ஈரோட்டின் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் பட்டியலுக்கு வெளியே நின்றனர். தங்களையும் சேர்க்க வேண்டுமென அவர்கள் நெடுங்காலமாகக் கோரி வருகின்றனர். நாகலூர் மாணவர் பெறும் பழங்குடியினர் சான்றிதழும் அதன்வழிக் கிடைக்கும் கல்வி இட ஒதுக்கீடும் பர்கூர் மாணவர்க்கு எட்டவில்லை. 2011இன் அந்த 1.1 விழுக்காட்டிலும் அவர்கள் இடம்பெறவில்லை.