செக்கும் சிறைவிதியும்: கோயம்புத்தூர் மத்தியச் சிறையை முன்வைத்து

வெள்ளகோவில், காங்கயம் வட்டாரங்களில் செக்கு என்பது மாடு பூட்டிச் சுற்றப்பட்ட கருவியாகும். எள்ளும் தேங்காயும் கடலையும் ஆட்டிய அக்கருவி, கோயம்புத்தூர் மத்தியச் சிறையில் மனிதர்க்குரிய தண்டனைக் கருவியாக மாறியது. 1908இல் இரட்டை ஆயுள்தண்டனை விதிக்கப்பெற்று, மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைக்கப்பெற்ற வ.உ. சிதம்பரனார், 1910 வரை அச்சிறையிலும் பின்னர்க் கண்ணூர்ச் சிறையிலும் இருந்தார். அவரை மாட்டுக்கு ஈடாகச் செக்கிழுக்க வைத்த அதிகாரம் எவ்விதியில் வேரூன்றியிருந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அன்று நடப்பிலிருந்தது 1894ஆம் ஆண்டின் சிறைச்சட்டம். அதன் 35ஆம் பிரிவு கைதியின் உழைப்பை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரமாக வரையறுத்தது. உழைக்கும் கைதியின் எடையை இரு வாரத்திற்கு ஒருமுறையேனும் மருத்துவ அலுவலர் பதிவுசெய்ய வேண்டும் என்றது. உழைப்பின் அளவுக்கு வரம்பிட்ட சட்டம், அதன் வகையை அதிகாரிகளின் முடிவுக்கே விட்டது. 45ஆம் பிரிவின்படி, கடுங்காவல் கைதி வேண்டுமென்றே வேலையில் சோம்பியிருத்தல் சிறைக்குற்றம். 46ஆம் பிரிவின்படி, அக்குற்றத்தை விசாரிப்பவரும் தண்டிப்பவரும் சிறைக் கண்காணிப்பாளரே. மேலும் கடினமான வேலைக்கு மாற்றுதல் அவர் விதிக்கத்தக்க தண்டனைகளுள் ஒன்று.

வ.உ.சி. செய்யுள் வடிவில் இயற்றிய சுயசரிதை, நடைமுறை இவ்விதியையும் கடந்திருந்ததைக் காட்டுகிறது. முதலில் அவருக்கு இடப்பட்ட பணி சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்றுதல். கைத்தோல் உரிந்ததைக் கண்ட ஜெயிலர், பணியைத் தளர்த்தாமல் வெயிலில் செக்குத் தள்ள அனுப்பியதாக அந்நூல் கூறுகிறது. அது குறிப்பிடும் காரணம் குற்றமன்று, காயம். காயமுற்றவனைக் காக்க வேண்டிய இடத்தில் வேலைமாற்றம் தண்டனையின் வேலையைச் செய்தது. எனவே, சட்டம் வகுத்த நேர வரம்பு முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டிருந்தாலும் இக்கொடுமை தடைபட்டிராது.

விடுதலைக்குப் பின் இந்நிலை படிப்படியாக மாறியது. சுனில் பத்ரா வழக்கில் (1978) உச்ச நீதிமன்றம், சிறைக்குள் நுழைவதால் அடிப்படை உரிமைகள் முற்றாக அற்றுப்போவதில்லை என்றது. கைதியின் உழைப்புக்கு நியாயமான ஊதியம் வேண்டும் என 1998இலும், சாதி அடிப்படையில் சிறைவேலை பகுத்தல் அரசியலமைப்புக்கு முரண் என 2024இலும் அது தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டின் சிறைவிதிகள் சிறை நிருவாகத்தை நெறிப்படுத்துகின்றன.

வ.உ.சி. இழுத்த செக்கு கோவைச் சிறை வளாகத்தில் நினைவுப்பொருளாக வைக்கப்பட்டது. அது பெரும்பாலும் ஒருவரின் தியாகச் சின்னமாகவே பேசப்படுகிறது. வேலையின் வகையை ஓர் அதிகாரியின் விருப்பத்திற்கு விட்ட சட்ட அமைப்பின் சான்றாகவும் அதனைக் கொள்ளுதல் வேண்டும். அப்போதுதான் பெயர் பதியப்படாத பிற கைதிகளின் உழைப்பும் சிறை இலக்கிய ஆய்வின் எல்லைக்குள் வரும்.