கலம் ஏறிய கலங்கள்

தமிழில் கலம் என்னும் ஒரே சொல் மண்ணால் வனைந்த பாத்திரத்துக்கும் கடலில் ஓடும் மரக்கலத்துக்கும் பெயராக வழங்குகிறது. பழந்தமிழர் சாவகம் என்று குறித்த தீவுலகின், குறிப்பாக இன்றைய இந்தோனேசியாவைச் சேர்ந்த ஜாவா, பாலி, சுமத்ரா ஆகிய தீவுகளின் பழைமையை ஆராய்வோருக்கு இவ்விரு பொருளும் பிரிக்க முடியாதபடி பிணைந்தே கிடைக்கின்றன. ஏனெனில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வங்கக் கடலைக் கடந்த மரக்கலங்கள் பெரும்பாலும் மக்கி மறைந்துவிட, அவை சுமந்து சென்ற மட்கலங்களின் உடைந்த ஓடுகளே அந்தப் பயணங்களுக்குச் சான்றாக எஞ்சியிருக்கின்றன.

அவ்வோடுகளுள் தலையாயது ரௌலட்டட் என்று தொல்லியலார் அழைக்கும் வகையாகும். மெல்லிய சுவரும் வழவழப்பான சாம்பல் அல்லது கறுப்பு நிறமும் கொண்ட இந்த அகன்ற தட்டின் உட்புற அடியில், ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வட்டப் பட்டைகளில் சிறு கீறல்கள் வரிசையாகப் பதிந்திருக்கும். புதுச்சேரிக்கு அருகேயுள்ள அரிக்கமேட்டை 1945இல் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், இந்த அலங்கார முறை மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்தது என்று கருதினார். பின்னர் அதே இடத்தில் ஆய்வு செய்த விமலா பெக்லி, இக்கலங்கள் இந்தியாவில் வனையப்பட்டவை என்றும், ரோமானிய வணிகம் பெருகுவதற்கு முன்பே, கிறிஸ்து பிறப்பதற்கு ஓரிரு நூற்றாண்டுகள் முன்னரே, இவை புழக்கத்தில் இருந்தன என்றும் எடுத்துக்காட்டினார். தமிழகத்தில் அழகன்குளம், காவிரிப்பூம்பட்டினம் ஆகிய இடங்களிலும் இலங்கையில் அனுராதபுரம், கந்தரோடை ஆகிய இடங்களிலும் கிடைக்கும் இதே ஓடு, மேற்கு ஜாவாவின் வடகரையில் பூனி பண்பாடு என்று பெயர் பெற்ற பழைய குடியிருப்புகளிலும் கிடைத்ததுதான் ஆய்வாளர்களின் கவனத்தைக் கீழ்த்திசைக்குத் திருப்பியது.

1980களின் பிற்பகுதியில் பாலித் தீவின் வடகரையிலுள்ள செம்பிரான் என்னும் சிற்றூரில் இந்தோனேசியத் தொல்லியலாளர் ஐ வாயன் ஆர்திகா அகழ்ந்தபோது, ஏறக்குறைய மூன்று மீட்டர் ஆழத்தில் ரௌலட்டட் ஓடுகளும், அரிக்கமேட்டில் கிடைப்பதைப் போன்ற உட்புறத்தில் அச்சு முத்திரை பதித்த ஓடுகளும், கண்ணாடி மணிகளும் வெளிப்பட்டன. தென்கிழக்காசியத் தீவுகளில் இந்தியப் பானையோடுகள் இவ்வளவு மிகுதியாக வேறெங்கும் கிடைக்கவில்லை. உலகில் அக்காலத்தில் கிராம்பு விளைந்த ஒரே பகுதியான மலுக்குத் தீவுகளுக்குச் செல்லும் கடல்வழியில் பாலியின் வடகரை அமைந்திருந்ததை நினைத்தால், இத்தனை கலங்கள் ஏன் இங்கே இறங்கின என்பது ஓரளவு விளங்கும்.

இந்த ஓடுகள் எங்கே வனையப்பட்டன என்பதில் அறிஞரிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. தாதுக்களின் அமைப்பை எக்ஸ் கதிர்களைக் கொண்டு ஒப்பிட்ட தொடக்க ஆய்வுகள், செம்பிரான், அரிக்கமேடு, அனுராதபுரம் ஆகிய மூன்று இடங்களின் களிமண்ணும் நெருங்கிய உறவுடையது என்றன. பிற்கால ஆய்வுகள் சிலவோ கங்கை முகத்துவாரத்தை அடுத்த வங்காளப் பகுதியைப் பிறப்பிடமாகச் சுட்டின. இம்முடிவு தமிழர் பெருமைக்குக் குறை என்று எண்ணுவது பிழையாகும். வங்காளத்தில் வனைந்த தட்டு அரிக்கமேட்டிலும் அனுராதபுரத்திலும் புழங்கிப் பாலிவரை சென்றதென்றால், வங்கக் கடலின் கரைகள் அனைத்தும் ஒரே வணிக வலையில் இணைந்திருந்தன என்பதே அதன் பொருள். அந்த வலையின் ஒரு முக்கிய முடிச்சாகச் சோழமண்டலக் கரை இருந்தது என்பதும் அதனால் வலுப்படுகிறது.

வந்த பொருளைக் காட்டிலும் அதைப் பெற்றுக்கொண்ட சமூகமே இங்கு உற்று நோக்கத் தக்கது. செம்பிரானில் இந்திய ஓடுகளோடு, பெஜெங் வகை வெண்கல முரசை வார்ப்பதற்குப் பயன்பட்ட அச்சின் துண்டு ஒன்றும் கிடைத்துள்ளது. இவ்வகை முரசுகளுள் பெரியதான, பாலியின் பெஜெங் கோயிலில் இன்றும் வைத்துப் போற்றப்படும் முரசின் உயரம் 186 சென்டிமீட்டர், அதாவது ஓர் ஆள் உயரத்துக்கும் மேல். செம்பும் வெள்ளீயமும் பாலியில் கிடைப்பதில்லை. அவற்றைத் தொலைவிலிருந்து வரவழைத்து, உருக்கி, இத்தகைய முரசை வார்க்கத் தெரிந்த மக்கள், கரையில் ஒதுங்கிய அயலாரிடம் நாகரிகம் கற்கக் காத்திருந்தவர்கள் அல்லர். மேற்கு ஜாவாவின் பாதுஜாயாவிலும் இதே நிலைதான். அங்குள்ள செங்கல் கோயில்களுக்கு முந்தைய மண்ணடுக்குகளில் காணப்படும் புதைகுழிகளில், இறந்தோரின் உடலோடு மணிகளும் ரௌலட்டட் கலங்களும் வைக்கப்பட்டுள்ளன. கடல் கடந்து வந்த தட்டு அவர்களுடைய ஈமச்சடங்கில், அவர்களுடைய நம்பிக்கைக்கு ஏற்ப இடம்பெற்றது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்திய வரலாற்றாசிரியர்கள் பலர் இதை வேறு விதமாகக் கண்டனர். 1926இல் கல்கத்தாவில் தோன்றிய பேரிந்தியக் கழகத்தைச் சார்ந்தோர் இத்தீவுகளை இந்தியர் அமைத்த குடியேற்றங்களாகவே எழுதினர்; அந்நிய ஆட்சியின் கீழிருந்த நாட்டுக்கு அத்தகைய பழம்பெருமை தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ளலாம். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி, சுமத்ராவின் பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த, சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088ஐச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டைப் பற்றி 1932இல் கட்டுரை எழுதி, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழு அங்கே இயங்கியதை உலகுக்கு அறிவித்தார். கற்பூரத்துக்குப் பெயர்பெற்ற அத்துறையில் வந்திறங்கும் கப்பல்காரர் செலுத்த வேண்டிய தீர்வையைப் பேசும் அக்கல்வெட்டைப் பிற்காலத்தில் எ. சுப்பராயலு மீண்டும் படித்துத் திருத்தமான வாசகத்தைத் தந்தார். அது வணிகர்களின் உடன்பாட்டை உரைப்பது. படையெடுப்பைப் பற்றியது அன்று. டச்சு அறிஞர் வான் லூர் 1934லேயே, தீவு மன்னர்கள்தாம் தம் அரசுக்கு மதிப்புத் தேடி அந்தணர்களை அழைத்தனர் என்று வாதிட்டார். அகழாய்வுகள் பின்னர் தந்த சான்றுகள் அவர் பக்கமே சாய்கின்றன.

ஜாவாவின் மிகப் பழைய கல்வெட்டுகள் இதற்கு நல்ல சான்று. ஐந்தாம் நூற்றாண்டில் மேற்கு ஜாவாவின் தாருமா நாட்டை ஆண்ட பூர்ணவர்மனின் கல்வெட்டுகள் வடமொழியில், பல்லவர் காலத் தென்னிந்திய எழுத்தை ஒத்த வடிவில் வெட்டப்பட்டவை. ஜகார்த்தாவின் வடபுறத்தில் துகு என்னுமிடத்தில் கிடைத்த, முட்டை வடிவக் கல்லில் பொறித்த கல்வெட்டு, வில் என்னும் நீட்டலளவையில் 6122 வில் நீளமுள்ள, ஏறத்தாழ 11 கிலோமீட்டர் என்று மதிப்பிடத்தக்க கால்வாய் ஒன்று 21 நாள்களில் தோண்டப்பட்டதையும், அதை முன்னிட்டு அந்தணர்க்கு ஆயிரம் பசுக்கள் வழங்கப்பட்டதையும் கூறுகிறது. கால்வாய்க்கு இட்ட பெயர் கோமதி, வட இந்திய ஆற்றின் பெயர். எழுத்தும் பெயரும் தானமுறையும் கடல் கடந்தவையாக இருக்கலாம். ஆனால் மூன்று வாரத்துக்குள் அவ்வளவு மண்ணை வெட்டி அள்ள ஆட்களைத் திரட்டும் ஆற்றல் அந்நாட்டுக்கே உரியது, சதுப்பு நிலத்தில் நெல் விளைவித்து வாழ்ந்த மக்களின் நீண்ட பழக்கத்திலிருந்து பிறந்தது.

போக்குவரத்து ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் ஜாவாவில் போரோபுதூர் பெருந்தூபியை எழுப்பிய சைலேந்திர மரபைச் சேர்ந்தவனாகத் தன்னைக் கூறிக்கொண்ட ஸ்ரீவிஜய மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூடாமணிவர்மனின் பெயரால் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் ஒன்றைக் கட்டினான். அதற்கு முதலாம் இராஜராஜன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த செய்தியை, இன்று லைடன் செப்பேடு எனப்படும் 21 ஏடுகளில் காணலாம். நாகப்பட்டினத்தில் புதுவெளிகோபுரம் என்று மக்கள் அழைத்த பழைய பௌத்தக் கட்டடம் 1867இல் இடிக்கப்பட்டுவிட்டது. அந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது. எனினும் அந்நகரின் மண்ணிலிருந்து 1856 முதல் 350க்கும் மேற்பட்ட பௌத்த வெண்கலப் படிமங்கள் வெளிவந்தன. அவற்றுள் பலவற்றைச் சென்னை அரசு அருங்காட்சியகம் காத்து வருகிறது. எழும்பூரில் உள்ள அந்த அருங்காட்சியகத்தில், கடல் கடந்து வந்த பயணிகள் வணங்கிய சின்னஞ்சிறு புத்தர்கள், அக்காலத் தமிழகச் சிற்பிகளின் கைவண்ணத்தோடு கண்ணாடிப் பெட்டிகளுக்குள் நிற்கிறார்கள்.