கடல் கடந்த இல்லறம்

(வானொலி மறையுரை – திருக்குடும்பத் திருவிழா. நற்செய்தி: மத் 2:13-15, 19-23)



விருத்தாசலத்தில் பீங்கான் வேலை செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றோடு இன்றைய சிந்தனையைத் தொடங்குவோம். கோப்பையை ஓர் அச்சில் வார்க்கிறார்கள், கைப்பிடியை வேறோர் அச்சில் வார்க்கிறார்கள். பிறகு களிமண் குழம்பைத் தொட்டு இரண்டையும் ஒட்டுகிறார்கள். ஒட்டும்போது இரண்டிலும் ஒரே அளவு ஈரம் இருக்க வேண்டும். ஒன்று காய்ந்தும் மற்றது ஈரமாகவும் இருந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. காயக் காயக் களிமண் சுருங்கும். ஒன்று கூடவும் மற்றது குறையவும் சுருங்குவதால் ஒட்டிய இடத்தில் மயிரிழைபோல் விரிசல் விழும். பல வேளைகளில் சூளையிலிருந்து எடுத்த பிறகுதான் அது கண்ணில் படும்.

கணவன் குவைத்திலும் மனைவி இங்குமாக வாழும் குடும்பங்களைச் சந்திக்கும்போதெல்லாம் இந்தக் கோப்பைதான் நம் நினைவுக்கு வருகிறது. இருவரும் நல்லவர்கள், இருவரும் உழைப்பவர்கள். ஆனால் வெவ்வேறு வெயிலில் தனித்தனியே காய்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுமுறையில் ஊருக்கு வருகிறவர், மணமாகிப் பத்து ஆண்டுகள் முடியும்போது மனைவியோடு வாழ்ந்திருப்பது பத்து மாதங்கள்தான். முதல் பிள்ளை நான்காம் வகுப்புக்குப் போயிருக்கும். அந்தப் பிள்ளைக்கு அப்பா என்பவர் இரவு பத்து மணிக்கு, அங்கே மாலை ஏழரை மணிக்கு, கைப்பேசியில் வந்துபோகும் ஒரு முகம்.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இன்றைய நற்செய்தியில் திருக்குடும்பமே வெளிநாட்டில் வாழ்கிறது. 1952ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், புலம்பெயர்ந்தோர் குறித்துத் தாம் வெளியிட்ட ஆவணத்தின் தொடக்கத்திலேயே, எகிப்துக்குச் சென்ற நாசரேத்துக் குடும்பத்தைப் புலம்பெயரும் எல்லாக் குடும்பங்களுக்கும் முன்மாதிரியாக வைத்தார். ஆகவே பிழைப்புக்காகக் கடல் கடப்பவர்கள் திருச்சபையின் பார்வையில் வழி தவறியவர்கள் அல்லர்.

ஆனால் யோசேப்பிடம் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அவர் தனியே போகவில்லை. குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு போனார். நம்மில் பலருக்கு அது முடிவதில்லை. குறைந்த ஊதியம் வாங்குகிறவருக்கு வளைகுடா நாடுகளில் குடும்ப விசா கிடைப்பதில்லை. இரண்டாவது, எதற்காகப் போனாரோ அந்தக் காரணம் முடிந்ததும் திரும்பி வந்தார். ஏரோது இறந்தான் என்று தெரிந்தவுடன் எழுந்து புறப்பட்டார். இதுதான் நமக்குக் கடினமானது. தங்கையின் திருமணக் கடன் அடைந்ததும் வந்துவிடுகிறேன் என்று போகிறோம். கடன் அடைகிறது. பிறகு வீடு, அதன்மேல் ஒரு மாடி, அடுத்து ஒரு கார். ஏரோது இறந்து வெகுநாள் ஆகிவிட்டது, நாமோ இன்னும் எகிப்தில் இருக்கிறோம்.

இது பற்றித் திருச்சபை என்ன கற்பிக்கிறது? திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1151ஆம் எண், தம்பதியர் இணைந்து வாழ்வது அவர்களின் கடமை என்றும் உரிமை என்றும் கூறுகிறது. தகுந்த காரணம் இருந்தால் விலக்கு உண்டு என்றும் சொல்கிறது. உரிமை என்ற சொல்லைக் கவனியுங்கள். கணவன் அருகில் இருக்க வேண்டும் என்று கேட்கிற மனைவி அடம்பிடிக்கவில்லை, தனக்கு உரியதைக் கேட்கிறார். தம்பதியர் பிரிந்திருப்பது பற்றிப் புனித பவுல் மூன்று நிபந்தனைகள் வைக்கிறார் (1 கொரி 7:5): இருவரும் மனமொத்திருக்க வேண்டும், அது சிறிது காலத்துக்கு மட்டுமே, அதன்பின் மீண்டும் ஒன்றுசேர வேண்டும். இறைவேண்டலுக்காகப் பிரிவதற்கே இத்தனை நிபந்தனை என்றால், ஊதியத்துக்காகப் பிரிவதற்கு எவ்வளவு கவனம் வேண்டும்! இணைச்சட்ட நூலோ (24:5) புதிதாக மணமானவன் ஓராண்டு போருக்குப் போகாமல் வீட்டிலிருந்து மனைவியை மகிழ்விக்க வேண்டும் என்கிறது. நம் ஊரில் கல்யாணப் பந்தல் பிரித்து இருபது நாளில் விமானம் ஏறும் மாப்பிள்ளைகள் எத்தனை பேர்!

பிரிவு இளையோருக்கு மட்டும் வருவதில்லை. மகளின் பிள்ளைப்பேறு பார்க்க அம்மா ஆறு மாதம் அமெரிக்கா போகிறார். அப்பா இங்கே தனியே சமைத்துச் சாப்பிடுகிறார். நாற்பது ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குத் தனிமை பழகியிருக்காது. போகுமுன் அப்பாவையும் ஒரு வார்த்தை கேட்டோமா?

இனித் திரும்பி வருவதைப் பற்றி. சூளை ஆயிரம் டிகிரிக்குமேல் எரிந்து அணைந்தபின் உடனே கதவைத் திறந்தால், குளிர்காற்று பட்டு நல்ல பாத்திரமும் வெடித்துவிடும். சூடு தானாகத் தணிய விடவேண்டும். ஊருக்கு வந்த மறுநாளே பாஸ்புக்கை எடுத்து வை என்று கேட்கிற கணவரும், இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்கிற மனைவியும் சூளைக் கதவை அவசரமாகத் திறக்கிறார்கள். அவர் இல்லாதபோது வீட்டையும் பள்ளியையும் மாமியாரின் மருத்துவத்தையும் தனியே தாங்கியவர் மனைவி. அங்கே எட்டுப் பேர் தங்கும் அறையில் ஒரு கட்டிலில் காலம் தள்ளியவர் கணவர். இருவரும் முதலில் ஒருவர் பட்ட பாட்டை மற்றவர் கேட்கட்டும். கணக்கு அடுத்த வாரம் பார்க்கலாம். அப்பாவைக் கண்டு ஒளிந்துகொள்கிற குழந்தையையும் கட்டாயப்படுத்த வேண்டாம். அது தானாக வரும்.

போகிறவர்களிடம் மூன்று வேண்டுகோள். புறப்படுமுன், எந்தத் தேவை முடிந்ததும் திரும்புவது என்பதை இருவரும் பேசித் தாளில் எழுதுங்கள். தொலைபேசியில் பணத்தைப் பற்றிப் பேசுவதற்குமுன் அன்றைய நாளைப் பற்றிப் பேசுங்கள். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் அங்கும் இங்குமாக ஒரே செபத்தைச் சொல்லுங்கள். ஈரம் காயாமல் காக்கும் வழிகள் இவை.

நம் பங்குகளுக்கும் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டிலிருந்து திருவிழாவுக்கு வரும் நன்கொடையை அறிவிப்புப் பலகையில் எழுதுகிறோம். அனுப்பியவரின் மனைவி பிள்ளைகளோடு தனியே திருப்பலிக்கு வந்துபோவதைக் கவனித்தோமா? தனியாக இருக்கும் பெண் யாரோடு பேசினாலும் கதை கட்டும் வாய்களைக் கண்டித்தோமா? இதில் குருக்களாகிய நாங்களும் தவறியிருக்கிறோம்.

விருத்தாசலத்துக்கு அருகே கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னையின் திருத்தலம் இருக்கிறது. அதை எழுப்பிய வீரமாமுனிவர் 1680இல் இத்தாலியில் பிறந்தவர். தாயகம் திரும்பாமலே 1747இல் இறந்தார். அயல்நாட்டில் வாழ்ந்த அந்தத் துறவி தமிழில் ஒரு பெருங்காப்பியம் பாடியபோது தலைவனாக அரசனையோ வீரனையோ தேர்ந்துகொள்ளவில்லை. மனைவியையும் பிள்ளையையும் காக்க எகிப்துக்குப் போய்த் திரும்பி வந்த தச்சரைத் தேர்ந்துகொண்டார். தேம்பாவணியின் வளன், நம் புனித யோசேப்புதான்.

அடுத்தமுறை கோணான்குப்பம் போகும்போது, கடல் கடந்திருக்கும் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி அன்னையின் முன் ஒரு மெழுகுதிரி ஏற்றுவோம்.

செபிப்போம்: எகிப்தின் வழியை அறிந்த ஆண்டவரே, பிரிந்து வாழும் எங்கள் குடும்பங்களின் அன்பு காய்ந்துபோகாமல் காத்தருளும். போகத் துணிவு தந்த நீர், திரும்பவும் துணிவு தாரும். ஆமென்.