தவறு பிறந்த இடம் எது?

ஜவ்வாது மலையில் காவலூர் என்ற சிற்றூரில் ஒரு வானாய்வு நிலையம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். 1977 மார்ச் 10-ஆம் நாள் இரவு, யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடக்கவிருந்தது. காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கி அதைக் கவனித்துக்கொண்டிருந்தது. கோள் நெருங்குமுன்பே விண்மீனின் ஒளி சில விநாடிகள் மங்கி, மீண்டும் தெளிந்தது.

மேகமா? கருவிக் கோளாறா? புதிய துணைக்கோளா? துணைக்கோள் என்றே காவலூர் அறிஞர்கள் முதலில் கருதினார்கள். பிற இடங்களில் பதிவான மங்கல்களையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்ற உண்மை வெளிப்பட்டது. விளைவு ஓரிடத்தில் தெரியும். காரணம் வேறிடத்தில் இருக்கும்.

கணிப்பொறி நிரல்களிலும் இதே கதைதான். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தொலைநோக்கி எடுத்த படத்தை ஒரு நிரல் ஆராய்கிறது. முதல் சார்பு படத்தைப் படிக்கும். இரண்டாவது, குறித்த அளவுக்கு மேல் ஒளியுள்ள விண்மீன்களைப் பொறுக்கும். மூன்றாவது, அவற்றை ஒளி வரிசையில் அடுக்கும். நான்காவது, பட்டியலின் முதல் விண்மீனை எடுக்கும். கணக்கில் ஒரு சார்பின் விடையை மற்றொரு சார்பில் இடுகிறோம் அல்லவா? அப்படியே நிரல் எழுத உதவுபவை சார்புவழி மொழிகள். ஹாஸ்கல் அவற்றுள் ஒன்று.

ஒரு நாள் வானம் மூடியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் வெறுமையாகிவிடும். நான்காவது சார்பு, "வெற்றுப் பட்டியல்" என்று கூறி நின்றுவிடும். அந்தச் சார்பை நிரலில் முப்பது இடங்களில் அழைத்திருந்தால், பழுது எந்த இடத்தில் என்று எப்படி அறிவது?

இங்கே கைகொடுப்பது பின்தடம். நின்றுபோன சார்பை அழைத்தது யார், அவரை அழைத்தது யார் என்று கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் அது வரிசையாகச் சொல்லும். பல ஊர் கடந்து வந்த கடிதத்தில் அஞ்சல் முத்திரைகளைப் படிப்பது போல!

ஹாஸ்கலில் இது எளிதன்று. விடை தேவைப்படும்போதுதான் அந்த மொழி கணக்கைச் செய்யும். ஆகவே நிரல் நிற்கும் வேளையில், விடையைக் கேட்டவர் தெரிவார். கணக்கை எழுதிய இடம் தெரியாது. அழைத்த இடத்தின் முகவரியையும் சார்போடு சேர்த்து அனுப்புவது ஒரு தீர்வு. 2024-இல் வெளியான ஜி.எச்.சி. 9.10 என்ற மொழிமாற்றியில், பிழைச் செய்தியே தன் பின்தடத்தைச் சுமந்து வருகிறது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. பின்தடம் வழியைக் காட்டும்; குற்றவாளியைக் காட்டாது. நான்காவது சார்பில், "பட்டியல் வெறுமையானால் சுழியம் என்று எழுது" எனத் திருத்தினால் நிரல் நிற்காமல் ஓடும். ஆனால் எவரும் காணாத விண்மீன் ஒன்று குறிப்பேட்டில் ஏறிவிடும்! உண்மையான பழுது, படம் தெளிவாக உள்ளதா என்று முதலிலேயே சோதிக்காததுதான்.

அடுத்த முறை உங்கள் கணக்கில் விடை தவறினால், கடைசி வரியை மட்டும் அழித்து எழுதாதீர்கள். ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிச் செல்லுங்கள். தவறு பிறந்த வரி அகப்படும்.